பாஸ்போர்ட்டில் தொடங்கிய விடுமுறை: தீம் பார்க்கும் கப்பலும் சேர்ந்த ஒரு பயணத்தின் ஆய்வு

நியூஜெர்சியில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், கோடை விடுமுறையில் சில நாள் தீம் பார்க், அதை ஒட்டிச் சில நாள் க்ரூஸ் கப்பல் என்று ஒரு பயணம் போக நினைத்தது. கணவன் மனைவி இருவருக்கும் ஐடி வேலை, தனித்தனி எச்-1பி (அமெரிக்க வேலை விசா). 9 வயதில் மகள், 5 வயதில் மகன். இரண்டு பேரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள். கணவனின் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கியிருந்தார்கள். அப்பாவுக்கு 68 வயது. ரத்த அழுத்தம் உண்டு, முழங்காலில் தேய்மானம். அம்மாவுக்கு உடம்பில் குறையில்லை, ஆனால் சுத்த சைவம்.

இப்படிப்பட்ட பயணங்களுக்கு நாள்காட்டி போட்டுக் கொடுப்பது எனக்குப் பிடித்த வேலை. அதனால் திட்டம் என் கைக்கு வந்தது. வரும்போது பாதி முடிந்திருந்தது: ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்டு, பக்கத்துப் போர்ட் கனாவரலிலிருந்து பஹாமாஸுக்கு 4 இரவுக் கப்பல். கப்பலுக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. "விடுதியை மட்டும் பார்த்துச் சொல்லுங்க, மத்ததெல்லாம் முடிஞ்சுது" என்றார் கணவர். ஆறு பேரின் பாஸ்போர்ட், விசா பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அங்கேயே திட்டம் நின்றுவிட்டது.

காரணத்துக்குப் போகும் முன், எல்லாருக்கும் முதலில் ஃப்ளோரிடா ஏன் நினைவுக்கு வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

பூங்காவும் கடலும் ஒன்றான கதை

டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபரில் திறந்தது. அங்கிருந்து கிழக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓட்டினால் அட்லாண்டிக் கரை. கென்னடி விண்வெளி மையத்துக்குத் தெற்கே போர்ட் கனாவரல் இருக்கிறது. ஆர்லாண்டோவில் வந்து குவியும் குடும்பங்களை அப்படியே கப்பலில் ஏற்றலாம் என்று கண்டுகொண்டது பிரீமியர் க்ரூஸ் லைன்ஸ் என்ற நிறுவனம். 1985-இல் டிஸ்னியோடு ஒப்பந்தம் போட்டு, பூங்காவில் பாதி வாரம், கப்பலில் பாதி வாரம் என்று ஒரே விலையில் விற்றது. கப்பலின் உடல் சிவப்பு. 'பெரிய சிவப்புப் படகு' என்று பெயர் சொல்லியே விளம்பரம் செய்தார்கள். மிக்கி மவுஸ் கப்பலிலும் உலா வந்தது.

ஒப்பந்தம் 1993-இல் முடிந்தது. டிஸ்னி தானே கப்பல் கட்ட இறங்கியது. இத்தாலியின் ஃபின்கான்டியேரி கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய 'டிஸ்னி மேஜிக்' பலமுறை தாமதமாகி 1998 ஜூலை 30 அன்று முதல் பயணம் கிளம்பியது. தொடக்கத்தில் அதையும் ஒரு வாரத் தொகுப்பாகவே முன்னிறுத்தினார்கள்: சில நாள் பூங்கா, சில நாள் கடல், நடுவே விடுதி வாசலிலிருந்து துறைமுகத்துக்குப் பேருந்து. பிரீமியர் 2000 செப்டம்பரில் மூடப்பட்டது. இன்று போர்ட் கனாவரல் மயாமியோடு போட்டி போடும் அளவுக்குப் பரபரப்பான பயணிகள் துறைமுகம். வெள்ளிக்கிழமை கிளம்பினால் 3 இரவு, திங்கட்கிழமை கிளம்பினால் 4 இரவு என்று குறும்பயணக் கப்பல்கள் வாரம் தவறாமல் ஓடுகின்றன.

இப்போது பூங்காவையும் கப்பலையும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் வாங்குகிறோம். நாமே இணைப்பதால் இணைப்பில் வரும் பிசகும் நம் தலையில்தான் விழும்.

எங்கே சிக்கியது

மனைவியின் எச்-1பி விசா முத்திரை செல்லுபடியாக இருந்தது. மாமனார் மாமியாரின் பி-2 வருகையாளர் விசா 10 வருடத்துக்கானது, எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்ற வகை. கணவரின் பாஸ்போர்ட்டில் இருந்த முத்திரை மட்டும் முந்தைய வருடமே காலாவதியாகியிருந்தது.

அவர் சட்டவிரோதமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. நிறுவனம் நீட்டிப்பு வாங்கித் தந்திருந்தது. ஐ-797 ஒப்புதல் தாள் இருக்கிறது, ஐ-94 (எந்தத் தேதி வரை தங்கலாம் என்ற பதிவு) இன்னும் ஓடுகிறது, வேலையும் ஓட்டுநர் உரிமமும் சரியாக இருக்கின்றன. நாட்டுக்குள் இருக்கும்வரை முத்திரை தேவையே இல்லை. வெளியே போய்த் திரும்பும்போதுதான் கேட்பார்கள். இந்த நிலையில் வருடக்கணக்காக இருக்கும் குடும்பங்கள் நிறைய. பலருக்கு அது நினைவிலேயே இருக்காது.

"கப்பல்ல போயிட்டு அதே துறைமுகத்துக்குத்தானே திரும்பி வர்றோம்? அது எப்படி வெளிநாடு?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருந்தேன். கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பினாலும், நடுவில் பஹாமாஸில் நின்றால் அது நாட்டை விட்டு வெளியேறி மறுபடி நுழைவதுதான். வெளிநாட்டில் நிற்காத கப்பலைப் பார்க்கலாமே என்றால், அதற்கும் வழி கிடையாது. 1886-இல் வந்த பயணிகள் கப்பல் சேவைச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. வேற்று நாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டுமே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றையாவது தொட வேண்டும். பெரிய க்ரூஸ் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. டிஸ்னி கப்பல்களிலும் பறப்பது பஹாமாஸ் கொடிதான். ஆக 3 இரவுப் பயணமானாலும் ஒரு வெளிநாட்டுக் கரை கட்டாயம்.

சரி, விதிவிலக்கு ஏதாவது உண்டா? உண்டு. தானியங்கி மறு செல்லுபடி என்று ஒரு விதி. ஐ-94 நடப்பில் இருந்து, 30 நாளுக்குள் திரும்பி, வெளியே இருக்கும்போது புதிய விசாவுக்கு விண்ணப்பிக்காமலும் இருந்தால், காலாவதியான முத்திரையோடே உள்ளே வரலாம். ஆனால் எச்-1பிகாரர்களுக்கு அது நிலத்தால் ஒட்டிய இரண்டு நாடுகளுக்கு மட்டும்: கனடா, மெக்சிகோ. எஃப்-1 மாணவர்களுக்கும், பரிமாற்றத் திட்டத்தில் வந்த ஜே-1காரர்களுக்கும் கரீபியன் பக்கத்துத் தீவுகளும் சேரும், கியூபா சேராது. படிக்க வந்த தம்பி பஹாமாஸ் போய்த் திரும்பலாம், வரி கட்டி வேலை பார்க்கிற அண்ணன் போனால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். இதில் என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

முன்பதிவு செய்து கொடுத்த பயண முகவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'எல்லாரிடமும் செல்லுபடியான பாஸ்போர்ட் உள்ளதா' என்ற கட்டத்தில் குறி போடச் சொன்னார், இவர்களும் போட்டார்கள். பாஸ்போர்ட் செல்லுபடியாகத்தான் இருந்தது!

முழுப் பணம் கட்டும் தேதி இன்னும் வரவில்லை. அதனால் முன்பணம் முழுதும் திரும்பக் கிடைத்தது. குறும்பயணங்களுக்கு இந்தத் தேதி பெரும்பாலும் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பு வரும். அதைத் தாண்டினால் ரத்துக் கட்டணம் படிப்படியாக ஏறி, கடைசி வாரங்களில் முழுத் தொகையும் போய்விடும். ஆவணங்களைச் சரிபார்க்க அந்தத் தேதியே கெடு. செக்-இன் நாள் வரை காத்திருக்கக் கூடாது.

மேசை மேல் இருந்த மாற்று வழிகள்

கணவர் கரையில் தங்கி, மற்ற ஐந்து பேர் கப்பலில் போவது ஒன்று. "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் விடுதியிலே இருக்கேன்" என்று அவரே சொன்னார். மனைவி ஒப்பவில்லை. "அத்தை மாமா வந்ததே உங்களோட இருக்கத்தானே" என்றார். அதோடு அந்த யோசனை முடிந்தது.

முதலில் சென்னை போய் முத்திரை வாங்கி வந்துவிட்டு அப்புறம் பயணம் என்பது இரண்டாவது. நேர்காணல் தேதி கிடைப்பது நம் கையில் இல்லை. தாமதமானால் வேலையும் சிக்கும். ஒரு விடுமுறைக்காக எடுக்கிற ஆபத்தா இது? நான் வேண்டாம் என்றேன்.

மிச்சம் இருந்தது, மெக்சிகோவையோ கனடாவையோ மட்டும் தொடும் கப்பல். நியூயார்க் பக்கத்திலிருந்து கனடா போகும் கப்பல்கள் வீட்டுக்கு அருகில்தான். ஆனால் இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா தனியாக எடுக்க வேண்டும், அதுவும் நான்கு பேருக்கு. டெக்சஸின் கால்வெஸ்டனிலிருந்து மெக்சிகோவின் கோசுமெல் தீவுக்கு மட்டும் போய்வரும் 4 இரவுப் பயணங்கள் உண்டு. அங்கே பெரிய பூங்காக்கள் இருப்பது சான் அன்டோனியோவில், சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி. தாத்தாவின் முழங்காலை வைத்துக்கொண்டு அது வேண்டாம்.

அப்புறம் கலிஃபோர்னியா. அனஹைமில் டிஸ்னிலேண்டு. அங்கிருந்து 45 கிலோமீட்டர் அளவில் லாஸ் ஏஞ்சலஸின் சான் பெட்ரோ துறைமுகம், அதைவிட அருகில் லாங் பீச். இரண்டிலிருந்தும் மெக்சிகோவின் என்செனாடாவுக்கு 3, 4 இரவுக் கப்பல்கள் போகின்றன. சில பயணங்களில் கட்டலினா தீவும் உண்டு. அது அமெரிக்க மண்தான், கணக்கில் வராது. வெளிநாட்டுக் கரை என்செனாடா ஒன்று மட்டும்.

இன்னொரு வசதியும் இருந்தது. என்செனாடாவிலிருந்து அமெரிக்க எல்லை சுமார் 100 கிலோமீட்டர்தான். யாருக்காவது உடம்பு முடியாமல் போய்க் கப்பலை விட நேர்ந்தாலும், கணவர் எல்லை நகரான டிஹுவானா வழியாகத் தரையிலேயே அதே விதியில் உள்ளே வரலாம். தீவில் மாட்டினால் அந்த வழி கிடையாது.

பெரும்பாலானவர்கள் பூங்காவைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பக்கத்துத் துறைமுகத்தைப் பார்த்து, கப்பலைப் பிடித்து, கடைசியில் பாஸ்போர்ட்டை எடுக்கிறார்கள். இந்தியக் குடிமக்கள் உள்ள குடும்பத்துக்கு வரிசை தலைகீழ். பாஸ்போர்ட்டில் உள்ள தாள் எந்தக் கரை என்று சொல்லும், கரை துறைமுகத்தைச் சொல்லும், துறைமுகம் பூங்காவைச் சொல்லும்.

இடம் மாறியதில் வந்த லாப நஷ்டம்

நஷ்டத்தை முதலில் சொல்கிறேன். பஹாமாஸின் வெதுவெதுப்பான நீலக் கடலும் கப்பல் நிறுவனங்களின் தனித் தீவும் பசிபிக் பக்கம் கிடையாது. தண்ணீர் குளிர், மேல்தளத்தில் காற்று, காலையில் மூட்டம். ஃப்ளோரிடாவில் நான்கு டிஸ்னி பூங்காக்கள், அனஹைமில் இரண்டுதான். மகள் இணையத்தில் பார்த்து வைத்திருந்த பாதி ரைடுகள் இங்கே இல்லை. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆனால் தாத்தாவுக்கு இது பெரிய லாபம். டிஸ்னி வேர்ல்டு ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர் நிலம். பூங்காவுக்குப் பூங்கா பேருந்தோ படகோ பிடிக்க வேண்டும். 1955-இல் திறந்த டிஸ்னிலேண்டும் 2001-இல் வந்த கலிஃபோர்னியா அட்வென்ச்சரும் எதிரெதிர் வாசல். ஹார்பர் பொலவார்டில் எதிர்ச்சாரி விடுதியில் தங்கினால் நடந்தே போகலாம், களைத்தால் மதியம் அறைக்கு வந்து தூங்கிவிட்டு மாலையில் மறுபடி போகலாம். பெரியவர்களும் சின்னக் குழந்தையும் சேர்ந்து போகிற பயணத்தில் அந்த மதியத் தூக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

பையனின் உயரம் 106 சென்டிமீட்டர். ஸ்பேஸ் மவுன்டன் ஃப்ளோரிடாவில் 112 சென்டிமீட்டர் கேட்கிறது. அதே பெயரில் உள்ள அனஹைம் ரைடு 102 போதும் என்கிறது. ஆக இங்கே ஏறலாம். மேட்டர்ஹார்னுக்கு 107 வேண்டும். ஒரு சென்டிமீட்டர் குறைவு! கிளம்பும்வரை தினமும் சுவரில் சாய்ந்து நின்று அளந்து பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தைகளோடு போகிறவர்கள் ரைடு பட்டியலை உயர அளவோடு சேர்த்து வீட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது. வாசலில் அளவுகோலுக்குக் கீழே நின்று அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது சுலபமில்லை.

தேதியும் வரிசையும்

நியூஜெர்சிப் பள்ளிகள் செப்டம்பர் தொடக்கத்தில்தான் திறக்கின்றன. தெற்குக் கலிஃபோர்னியாவில் பல பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும். அதனால் ஆகஸ்டின் கடைசி வாரங்களில் உள்ளூர்க் கூட்டம் வடியும், இவர்கள் பிள்ளைகளுக்கோ இன்னும் லீவு. அமெரிக்கத் தொழிலாளர் தின (செப்டம்பர் முதல் திங்கள்) நீள் வார இறுதியைத் தொடாமல், அதற்கு முந்தைய வாரத்தைப் பிடித்தோம். அதே நாள்களில் ஃப்ளோரிடா என்றால் புயல் காலத்தின் உச்சம் நெருங்கியிருக்கும். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைதான் அதிகம் வீசும். புயல் வந்தால் கப்பல் வழியை மாற்றும், துறைமுகத்தைத் தவிர்க்கும். பயண ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுக்கிறது. பணம் கேட்க முடியாது.

பூங்கா முதலா, கப்பல் முதலா? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: பூங்கா முதலில். கப்பலில் ஓய்வெடுக்கலாம் என்பது எல்லாரும் சொல்வது, அது உண்மைதான். அதைவிட முக்கியமானது, கப்பல் காத்திருக்காது. கிளம்பும் நியூவர்க் விமான நிலையத்தில் இடி மழை பெய்து விமானம் மறுநாளுக்குத் தள்ளிப்போனால், பூங்கா முதலில் உள்ள திட்டத்தில் ஒரு பூங்கா நாள்தான் ஆடும். டிஸ்னிலேண்டின் பல நாள் டிக்கெட் முதல் நாளிலிருந்து 13 நாளுக்குச் செல்லும், நாளை நகர்த்திக்கொள்ளலாம். கப்பல் முதலில் என்றால் மொத்தப் பயணமும் போச்சு. கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பயணிகளின் இறுதிப் பட்டியலை அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்பியாக வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் வந்து கெஞ்சினாலும் ஏற்ற மாட்டார்கள்.

நேர வித்தியாசமும் துணைக்கு வந்தது. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேரம். முதல் இரண்டு நாள் குழந்தைகள் விடியற்காலை நாலரைக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டில் அது தொல்லை. பூங்கா வாசல் திறக்கும்போது முதல் ஆளாக நிற்க வேண்டிய நாளில் அது வரம்.

ஞாயிறு வந்து சேர்வது. திங்கள், செவ்வாய் பூங்கா. புதன் ஒன்றுமில்லை: துணி துவைப்பது, நீச்சல் குளம், தூக்கம். வியாழன் மறுபடி பூங்கா. வெள்ளி கப்பல், திங்கள் காலை திரும்பி மதியத்துக்கு மேல் விமானம். புதன்கிழமையைக் காலியாக விட்டதற்குக் கணவர் முனகினார்: "அவ்வளவு செலவு பண்ணிப் போய் ஒரு நாள் சும்மா இருக்கணுமா?" அந்த நாளை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பூங்காவில் ஒரு நாளைக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் நடப்பது சாதாரணம்.

திங்கட்கிழமை கிளம்பும் 4 இரவுப் பயணம், இரவுக் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் மலிவு. வார இறுதிக் கப்பலில் கொண்டாட்டக் கூட்டம் அதிகம். இருந்தும் வெள்ளிக்கிழமைக் கப்பலை எடுத்தோம். பூங்காவுக்கு வார நாள்கள் கிடைத்தன. அதோடு, இந்தப் பயணத்தில் கட்டலினா இல்லை. அங்கே கப்பல் கரையில் ஒட்டாது. ஆடும் சிறு படகில் இறங்கித்தான் போக வேண்டும். முழங்கால் தேய்ந்தவருக்கு அது சோதனை. என்செனாடாவில் கப்பல் மேடையிலேயே கட்டும்.

கேபின், காப்பீடு, சக்கர நாற்காலி

ஆறு பேருக்கு இரண்டு கேபின். கேபினில் முதல் இருவருக்கு முழுக் கட்டணம், மூன்றாமவருக்குக் குறைவு என்பதுதான் பொதுவான வழக்கம். அதனால் மூன்று மூன்றாகப் பிரித்தோம்: தாத்தா பாட்டியோடு பேத்தி, அப்பா அம்மாவோடு பையன். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், அடுத்தடுத்த கேபின்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

பெரியவர்களுக்கு எடுத்திருந்த வருகையாளர் காப்பீட்டைப் படித்துப் பார்த்தால், அது அமெரிக்காவுக்குள் மட்டும். கப்பல் மருத்துவரிடம் போனால் கட்டணம் நேராக நம் கணக்கில் ஏறும். நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்க நேர்ந்தால் தொகையை நினைத்தே பார்க்க முடியாது. அவசர மருத்துவ வெளியேற்றம் உள்ள தனிப் பயணக் காப்பீடு எடுத்தார்கள். மொத்தச் செலவில் அது சின்னத் தொகை.

சக்கர நாற்காலிப் பேச்சுதான் நீண்டது. 2024-இல் டிஸ்னி தன் மாற்றுத்திறனாளர் வரிசைச் சலுகையை, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று சுருக்கிவிட்டது. முழங்கால் வலிக்கு நாற்காலிதான் வழி.

"அப்பா, பூங்காவுல ஒரு நாற்காலி வாடகைக்கு எடுத்துக்கலாம்."

"எனக்கு என்னடா ஆச்சு? நான் நடப்பேன்."

அம்மா மருமகள் பக்கம் திரும்பினார். "அவர் நடப்பார்மா. அப்புறம் ராத்திரி முழுக்கக் காலைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பார். நீ எடுத்துடு."

எடுத்தார்கள். பாதி நேரம் பேரன்தான் அதில் உட்கார்ந்து வந்தான்.

செலவு பற்றிச் சில வரிகள்

டிஸ்னிலேண்டில் ஒரு நாள் டிக்கெட் 104 டாலரில் தொடங்கி, நாளைப் பொறுத்து 200-ஐத் தாண்டும். பல நாள் டிக்கெட்டில் நாளுக்கான விலை குறையும். 3 முதல் 9 வயது வரை குழந்தை விலை. மகளின் பத்தாவது பிறந்தநாள் அக்டோபரில் என்பதால் தப்பித்தார்கள். தாத்தா பாட்டிக்கு இரண்டு நாள் டிக்கெட் மட்டும் வாங்கினோம். மூன்றாம் நாள் அவர்கள் வரவே விரும்ப மாட்டார்கள் என்று மருமகள் சொன்னார், அதுதான் நடந்தது. 2025 நிலவரப்படி டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, எந்த நாள் எந்தப் பூங்கா என்று முன்பதிவும் செய்ய வேண்டும்.

கப்பல் விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் விலையில் துறைமுகக் கட்டணம், ஊழியர் அன்பளிப்பு எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்பளிப்பு மட்டும் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 16 முதல் 20 டாலர் அளவில் போகிறது. ஆறு பேர், மூன்று இரவு என்றால் 288 முதல் 360 டாலர். வைஃபை, குளிர்பானம், கரைச் சுற்றுலா தனி.

தாள்கள்

சட்டம் அனுமதிப்பது ஒன்று, கப்பல் மேசையில் இருப்பவர் அதை ஏற்பது இன்னொன்று. கணவரின் நிலையைச் சொல்லிக் கப்பல் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது, முதலில் பேசியவர் முடியாது என்றார். மறுபடி அழைத்து, விதியின் பெயரைச் சொல்லி, ஆவணப் பிரிவுக்கு மாற்றச் சொன்னதும் பதில் மாறியது. அதை மின்னஞ்சலில் வாங்கினோம். அந்த மின்னஞ்சல் வரும்வரை பணம் கட்ட வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தேன். அவருடைய குடிவரவு வழக்கறிஞரும் பார்த்துச் சரி என்றார்.

கணவரின் உறையில் வைத்தவை: பாஸ்போர்ட், ஐ-797 மூலத்தாள், இணையத்திலிருந்து அன்றைக்கு எடுத்த ஐ-94, சமீபத்திய சம்பளச் சீட்டுகள், அந்த மின்னஞ்சல், விதியின் அரசுப் பக்க அச்சு. மெக்சிகோ விசாவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. செல்லுபடியான அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியருக்கு மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. மற்ற மூவருக்கும் அது பொருந்தும், இவருக்கு அந்தச் சலுகை வராது. என்செனாடாவில் தான் இறங்கப்போவதில்லை, கப்பலிலேயே இருக்கிறேன் என்று அவர் முடிவு செய்துகொண்டார். அப்பாவுக்கும் துணையாயிற்று.

குழந்தைகள் அமெரிக்கக் குடிமக்கள். கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பும் கப்பலில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழே போதும். ஆனாலும் பையனின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கச் சொன்னேன். குழந்தைகள் பாஸ்போர்ட் 5 வருடம்தான்; கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது முடியப் போகிறது என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். புதுப்பிக்க அப்பா அம்மா இருவரும் நேரில் போக வேண்டும், அதனால் கடைசி நேரத்தில் ஓட முடியாது.

நடந்தது

விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். ஞாயிறு மாலை என்பதால் ஒன்றும் கெடவில்லை. திங்கள் காலை வாசல் திறந்தபோது இவர்கள் நின்றார்கள், பத்தரைக்குள் பெரிய ரைடுகள் பல முடிந்தன. மேட்டர்ஹார்ன் வாசலில் பையன் தடித்த செருப்பை மாட்டிக்கொண்டு நின்று பார்த்தான், அளவுகோல் மசியவில்லை. புதன்கிழமை பத்து மணி வரை யாரும் எழுந்திருக்கவில்லை. "நல்ல வேளை" என்று கணவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது, அவ்வளவுதான்.

வெள்ளி முற்பகல் வேன் பிடித்துச் சான் பெட்ரோ. பெரிய பைகளை வாசலிலேயே சுமை ஆட்களிடம் கொடுத்துவிட வேண்டும், அவை கேபினுக்கு மாலைதான் வரும். அதனால் மருந்து, தாள்கள், நீச்சல் உடை எல்லாம் கைப்பையில். செக்-இன் மேசையில் எதிர்பார்த்தபடியே கணவரின் விசாப் பக்கத்தில் நின்றது. மேற்பார்வையாளர் வந்தார், மின்னஞ்சலைப் படித்தார், உள்ளே போய்க் கேட்டு வந்தார். அரை மணி நேரத்துக்கு மேல். தாத்தா அந்த நேரத்தில் பக்கத்தில் அருங்காட்சியகமாக நிற்கும் யுஎஸ்எஸ் ஐயோவா போர்க்கப்பலைக் கண்ணாடி வழியே பேத்திக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஏற்றினார்கள்.

கப்பல் கிளம்பும் முன்பே பாதுகாப்புப் பயிற்சி. 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபோது, அன்று ஏறிய பல நூறு பேருக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 2015 முதல், கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ அது நடந்தாக வேண்டும் என்பது சர்வதேச விதி. சைவம் பற்றி முன்பதிவிலேயே எழுதியிருந்தும், முதல் இரவு பாட்டிக்குக் கிடைத்தது பாஸ்தாவும் சாலடும்தான். உணவுக்கூடத் தலைவரிடம் நேரில் சொன்ன பிறகு மறுநாளிலிருந்து பருப்பும் சப்பாத்தியும் தனியாக வந்தன. எழுதியதோடு நிற்காமல் முதல் வேளையிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுவது மேல்.

என்செனாடாவில் மனைவியும் பாட்டியும் குழந்தைகளும் இறங்கி, பாறை இடுக்கில் கடல் பீறிடும் லா புஃபடோராவைப் பார்த்து வந்தார்கள். தாத்தாவும் கணவரும் காலியான மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கப்பலில் கூட்டம் இல்லாத ஒரே பகல் அதுதான், இறங்காதவர்களுக்குக் கிடைக்கும் லாபம்.

திரும்பும்போது கடலில் ஒரு இரவு நல்ல ஆட்டம். பையன் வாந்தி எடுத்தான், காலையில் சரியாகிவிட்டான். திங்கள் காலை சான் பெட்ரோவில் குடிவரவு அதிகாரி கணவரின் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "மெக்சிகோ மட்டுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் ஐ-797-ஐப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். கப்பல் மேசையில் ஆன நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை.

மதியம் ஒன்றரைக்கு மேல் விமானம் போட்டிருந்ததால் விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். அது கொஞ்சம் அதிகம்தான், பன்னிரண்டரைக்கே போட்டிருக்கலாம் என்றார் மனைவி. திங்கட்கிழமைக் காலை லாஸ் ஏஞ்சலஸ் சாலை நெரிசலை நம்பி நான் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். கணவர் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சென்னையில் முத்திரை வாங்கப் பார்க்கிறார். பஹாமாஸ் அதற்கு அப்புறம்.